புளியமரத்தின் மேல் ஒரு சோதனைச்சாலை

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "மலேசியாவாம்மா? தைலம் எடுத்தாந்தீங்களா?" என்பதுதான். கேட்டவர் விடுதி மேலாளர். என் பெட்டியில் வடிதாள் இருந்தது, சோதனைக் குழாய்களும் புட்டிகளும் புனல்களும் இருந்தன, சென்னையில் வாங்கிய அமிலமும் சோதனை மருந்தும் இருந்தன. தைலம் மட்டும் இல்லை. அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்து, என் ஊரான ஈப்போவுக்கே நான் மானக்கேடு உண்டாக்கிவிட்டேன் என்று தோன்றியது.

வேலை என்ன என்று கேட்டார். மண் ஆராய்ச்சி என்றேன். "ஏன், உங்க ஊர்ல மண்ணு இல்லியா?" என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவரும் இதையேதான் கேட்டார், கொஞ்சம் இங்கிலீஷில்.

விஷயம் இதுதான். கல்வராயன் மலை விவசாயி ஒரு நிலத்துக்கு உரம் போடுகிறார். ஒரு வாய்க்கால் தள்ளி இருக்கும் தன் இன்னொரு நிலத்துக்கு, இலவசமாகக் கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால், "அந்த நெலம் உரத்தைத் தின்னுடும்" என்று பதில். யாரோ எழுதிய ஓர் அறிக்கையில் இந்தப் பதில் அடிக்குறிப்பாக, மூடநம்பிக்கை என்ற பட்டியலில் கிடந்தது. எனக்கு அதைப் படித்த நாளிலிருந்து தூக்கமில்லை. செம்மண்ணில் இரும்பு அதிகம். அது பாஸ்பேட் உரத்தைக் கப்பென்று பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. அவர் சொன்னது மூடநம்பிக்கை இல்லை ஐயா, வேதியியல்!

துறைத் தலைவர் சிரித்தார். "படிக்காத விவசாயிக்கு இத்தனை கணக்குத் தெரியாது. ஒரு முறை போய் வா. ஆதாரம் இல்லாமல் வந்தால் இதை மூடிவிட்டு ரப்பர் மரத்துக்குத் திரும்பு" என்றார். நாலு வருட உழைப்பு. நாற்பத்தொரு வயது. ரப்பர் மரத்துக்குத் திரும்ப எனக்கு உத்தேசமில்லை.

மறுநாள் காலை கடைத்தெருவில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நேற்றைய மிச்சத்துக்கு இப்படி ஒரு மறுபிறவி எங்கள் நாட்டில் யாரும் கொடுத்ததில்லை. தேநீரை நாங்கள் உயரத் தூக்கி ஆற்றி 'தே தாரிக்' என்று பெயர் வைத்துச் சுற்றுலாப் பயணிகளிடம் பெருமையடிப்போம். இங்கே கடைக்காரர் பேசிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டே அதே உயரத்தில் ஆற்றுகிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பக்கத்து மேசையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வரப்போகிறது, நாளையிலிருந்து ஒரு வாரம் ரோடு ஓடாது என்று ஒருவர் சொன்னார். மற்றவர், "ஓடாட்டி இன்னா, நாமளா ஓடப்போறோம்?" என்றார். எண்பத்தேழாம் வருடம் அது. எனக்கு அடுத்த வாரம் விமானம். காதில் விழாதது போல இன்னொரு இட்லி வாங்கிக்கொண்டேன்.

ஜீப் ஓட்டுநர் பெயர் காதர். வெள்ளிமலைக்குப் பாதி தூரம் ஏறியதும் விசிறி பெல்ட் அறுந்தது. காதர் இறங்கி, தலையைச் சொறிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து சணல் கயிறு எடுத்து முறுக்கிக் கட்டினார். "இது இறங்கறப்பவும் தாங்குமா?" என்று கேட்டேன்.

"இறங்கறப்ப இன்னாத்துக்கும்மா பெல்ட்டு? வண்டி அதுவா உருண்டுகினு போவும்."

இந்தப் பதிலுக்குப் பிறகு மலையின் அழகை ரசிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன்.

மலைமேல் ஒரு சிற்றூரில் ஆறு குடும்பங்கள் எனக்கு மண் தர ஒப்புக்கொண்டிருந்தன. குடும்பத்துக்கு இரண்டு நிலம். உரம் போடுவது ஒன்று, போடாதது ஒன்று. ஆக பன்னிரண்டு பை மண். ஆறு பேரில் முன்னால் நின்று பேசியவர் சடையன். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, பேசும்போது எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். அவர் மனைவி காளியம்மா கண்ணைத்தான் பார்ப்பாள்.

மண்ணோடு இன்னொரு வேலையும் இருந்தது. உரத்தால் வரும் லாபம் எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். மழை பொய்த்தால் என்ன ஆகும் என்ற பயத்தை எப்படி அளப்பது? இதற்கு ஒரு வழி உண்டு. பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, "பத்து வருஷம்னு வச்சுக்குங்க. நல்ல வருஷத்தை இந்தப் பக்கம் வைங்க, கெட்ட வருஷத்தை அந்தப் பக்கம் வைங்க" என்று சொல்ல வேண்டும். கூறு பிரிப்பதைப் பார்த்தால் அவர் மனதில் இருக்கும் கணக்கு தெரிந்துவிடும்.

சடையன் மூன்று கொட்டையை நல்ல பக்கம் வைத்தார். யோசித்தார். ஒன்றை எடுத்துக் கெட்ட பக்கம் தள்ளினார். மறுபடி யோசித்தார். "இன்னொரு எடம் வேணுங்கம்மா" என்றார்.

"எதுக்கு?"

"மழையும் நல்லா பேஞ்சு, பயிரும் நல்லா வந்து, கதுரு முத்தறப்ப காட்டுப்பன்னி வந்து துன்னுட்டுப் போன வருசத்த எங்க வெக்கிறது?"

என் கணித மாதிரியில் பன்றிக்கு இடமில்லை. அன்று தரையில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். புத்தகம் போட்ட அறிஞர்கள் போடாத கட்டம்!

"ஏற்கெனவே பன்னிக்கும் மழைக்கும் பயந்துகினு வெதைக்கிறோம். இதுல உரத்த வாங்கி அந்தச் செவப்பு நெலத்துக்கு வேற தீனி போடணுமா? அது வாயத் தொறந்துகினே கெடக்கும்" என்றார் சடையன். எனக்குக் குறிப்பேட்டை முத்தமிடலாம் போலிருந்தது.

மதியம் காளியம்மா சாமைச் சோறும் தட்டைப்பயறுக் குழம்பும் போட்டாள். சாமை வாயில் ரவைபோல உருளும் என்று நினைத்திருந்தேன். இல்லை, பூப்போல உதிர்ந்தது. மூன்றாவது முறை கேட்டு வாங்கினேன். "டவுன்காரங்க கொஞ்சமா துன்னுவாங்கன்னாங்க" என்று அவள் காதரிடம் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

என் பெரிய தவறு அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் நடந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று ஆறு பேருக்கும் மண் எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சாண் ஆழம், வெட்டின பக்கத்திலிருந்து ஒரு சீவல், நிலத்தில் பல இடம், எல்லாம் கலந்து ஒரு பை. "தெரிஞ்சுதா?" என்றேன். "இது கூடவா தெரியாது?" என்று போனார்கள். நான் புளியங்கொட்டைக் கணக்கில் மூழ்கிவிட்டேன். மாலையில் பன்னிரண்டு பையும் கட்டி, எண் எழுதி, வரிசையாக இருந்தன. நான் அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. என் மாணவன் இப்படிச் செய்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

அடுத்த நாள் சங்கராபுரம் பக்கமாக இறங்கினோம். மலையடிவாரம் தாண்டிச் சில மைலில் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அப்போதுதான் வெட்டியது, இலைகூட வாடவில்லை. மரத்தைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர். திரும்பலாம் என்று காதர் வண்டியைப் பின்னால் எடுத்தார். நாங்கள் கடந்து வந்த வளைவில் இன்னொரு மரம் விழும் சத்தம் கேட்டது. ஜீப் நடுவில் மாட்டிக்கொண்டது.

பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. வேறு ஊர்களில் நிலைமை மோசம் என்று காதரின் டிரான்சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு, கைகளில் கரும்புச் சோகை கிழித்த தழும்புகள். பெயர் ஏழுமலை. பக்கத்து ஊரில் கரும்பும் நெல்லும் வைக்கிற விவசாயி.

"மூட்டையில இன்னாங்க?"

"மண்ணு."

"மண்ணா? மலையிலேர்ந்து மண்ண ஏத்திக்கினு எங்க போறீங்க?"

"மலேசியாவுக்கு."

கூட்டம் சிரித்த சிரிப்பில் பயம் கொஞ்சம் விலகியது. ஒருவன் "தைலம்..." என்று ஆரம்பித்தான். இல்லை என்றேன்.

ஏழுமலையிடம் எதற்கு இந்த மறியல் என்று கேட்டேன். "படிக்க வெச்சோம். படிச்சுட்டு வூட்டுல குந்திகினு கீறானுங்க. எங்களுக்குன்னு ஒரு பங்கு எழுதிக் குடுன்னு கேக்கறோம்" என்றார். எங்கள் நாட்டிலும் மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. அங்கே நான் அதற்கு வெளியே நின்று, படிக்க இடம் கிடைக்காமல் இரண்டு வருடம் அழுதவள். இங்கே கதவு திறக்கச் சொல்லி நிற்பவர்களைப் பார்க்கிறேன். எனக்கு இரண்டு பக்கத்து வலியும் புரிந்தது. தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை, சொல்லவுமில்லை.

மரம் இன்றைக்கு நகராது என்று ஆனது. பொழுது போக வேண்டுமே, ஏழுமலை ஒரு பையை அவிழ்த்தார். சடையனின் செம்மண் நிலம், அந்த 'தின்னும் நிலம்.' ஒரு பிடி எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"இது நெலத்து மண்ணு இல்லீங்களே."

"பின்னே?"

"எருக்குழி மண்ணு. பாருங்க, ஆட்டுப் புழுக்கையே கீது."

அவர் உள்ளங்கையில் உருண்டையாக, கறுப்பாக, மறுக்கவே முடியாதபடி அது இருந்தது. மற்ற பைகளையும் அவிழ்த்துப் பார்த்தோம். உரம் போடும் ஆறு நிலத்துப் பைகளும் சுத்தம். உரம் போடாத ஆறு நிலத்துப் பைகளிலும் எரு! எரு கலந்த மண் உரத்தைப் பிடித்துக்கொள்ளாது, தன்னிடம் இருப்பதையும் சேர்த்து வெளியே விடும். இதை ஈப்போவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்திருந்தால், 'அந்த நிலங்கள்தான் வளமானவை, விவசாயிகள் உளறுகிறார்கள்' என்று என் கையாலேயே எழுதியிருப்பேன். துறைத் தலைவர் கேக் வாங்கிக் கொடுத்திருப்பார்.

மரம் விழுந்திருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. அதற்காக அந்த இடத்தில் சந்தோஷப்பட முடியுமா? நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். போராட்டக்காரர்கள் சங்கடப்பட்டுப் போனார்கள். யாரோ சோடா வாங்கி வந்தார்.

"அழுதுகினு இருந்தா மண்ணு நடந்து வருமா? போய் எடுத்துகினு வாங்க. வண்டி இங்க பத்திரமா கெடக்கும்" என்றார் ஏழுமலை. தன் சைக்கிளைக் கொடுத்தார். அடிவாரம் வரை காதர் மிதித்தார், நான் பின்னால் கேரியரில். பள்ளம் வரும்போதெல்லாம் "அம்மா, தூக்கிக்குங்க" என்பார். அப்புறம் ஒற்றையடிப் பாதை, செங்குத்து. நாலு முறை உட்கார்ந்தேன். ஐந்தாவது முறை உட்காரப் போனபோது காதர், "ஊர் தெரியுதும்மா" என்றார். பொய். ஆனால் அந்தப் பொய்தான் என்னை ஊர் சேர்த்தது.

சடையன் வாசலிலேயே நின்றார். என்னைக் கண்டதும் என் காலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சடையன், எருவை யார் கலந்தது?"

காளியம்மா முன்னால் வந்தாள். "நாந்தான் கலக்கச் சொன்னேன். ஆறு வூட்லயும் நாந்தான் சொன்னேன். பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி கிழிஞ்ச பொடவையா கட்டிக்கினு நிப்பாங்க? நல்ல நெலத்துக்கு நகை வேணாம், அது அப்படியே நிக்கும். இந்த நெலம் பாவம் வக்கத்தது. கப்பலேறிப் போவுது, அங்க நாலு பேரு பாத்துட்டு, இன்னாடா இவங்க நெலம்னு சிரிக்க மாட்டாங்க?"

கோபம் உச்சியில் இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் முட்டி மோதி இருமலாக வந்தது. அவளே தண்ணீர் கொடுத்தாள்.

பிறகு சடையனிடம் சொன்னேன். "நீங்க சொன்னது உண்மைன்னு காட்டத்தான் கடல் தாண்டி வந்தேன். நீங்களே உங்க வாக்கைப் பொய்யாக்கிட்டீங்களே. அந்த நிலம் தின்னுதுன்னு சொன்னவர் நீங்க. அது தின்னுமா, தின்னாதா?"

"தின்னும்" என்றார்.

"அப்ப அதைத் தின்ன விடுங்க. வேஷம் போடாதீங்க."

அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு அவரே ஆறு வீட்டுக்கும் போனார். இந்த முறை ஒவ்வொரு வெட்டுக்கும் நான் பக்கத்தில் நின்றேன். ஆறு பை. "நானும் வரேன்" என்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்க ஆரம்பித்துவிட்டார்.

மதியம் புளியமரத்துக்கு வந்தோம். மரம் இன்னும் அப்படியே. ஏழுமலை புது மண்ணைத் தேய்த்துப் பார்த்து, "இது நெலம்" என்றார். அப்புறம், "நீங்க சொல்றத இங்கியே செஞ்சி காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். ஈப்போ வரை பொறுத்திருக்க எனக்கும் தெம்பில்லை. பெட்டியைத் திறந்து, படுத்துக் கிடந்த அடிமரத்தின் முதுகில் துணி விரித்தேன். அளந்த கரண்டியால் ஒவ்வொரு புட்டியிலும் ஒரே அளவு மண். அதில் ஒரே அளவு உரக் கரைசல். அரை மணி குலுக்க வேண்டும். பிறகு வடிகட்டி, மருந்து ஊற்றினால், மண் தின்னாமல் விட்ட உரம் நீலமாகக் காட்டும். எல்லாவற்றையும் தின்றுவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும்.

பன்னிரண்டு நிலம். சடையனின் எரு கலந்த பழைய பையையும் சேர்த்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க மண்ணே இல்லாத புட்டி ஒன்று. மொத்தம் பதினாலு. குலுக்க இயந்திரமில்லை. பதினாலு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். கோஷம் போட்டுப் பழகிய கூட்டம், தாளம் தானாக வந்தது. ஒருவன் நிறுத்தினால் ஏழுமலை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "டேய், உன் புட்டி தூங்குது" என்பார். எங்கள் ஆய்வகத்தில் ஜெர்மன் இயந்திரம் இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக அது குலுக்கி நான் பார்த்ததில்லை.

புனல்களைப் புளியங்கிளையின் கவட்டைகளில் செருகினோம். சொட்டுச் சொட்டாக வடிந்தது. மருந்தை ஊற்றினேன். எல்லாமே நீலமாகிவிட்டால்? சடையன் தப்பு, நான் தப்பு, துறைத் தலைவர் சரி. அந்த ஐந்து நிமிடம் நான் மூச்சு விட்டேனா என்று சத்தியமாக நினைவில்லை.

மண்ணில்லாத குழாய் முதலில் நீலமானது. அப்புறம் உரம் போடும் நிலங்கள், ஒன்று லேசாக, ஒன்று ஆழமாக, ஆறும் நீலம். மற்ற ஆறு குழாய்களில் ஐந்து அசையவில்லை. தெளிந்த நீர். கிணற்று நீர் போல நின்றன. ஒன்றில் மட்டும் மெல்லிய நீலம் ஓடியது.

"இது யாரு நிலம்?" எண்ணைப் படித்தேன்.

சடையன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அது எங்க ஆறு பேருல ஒருத்தன், ராமரு நெலங்க. போன வருசம் அதுல ஆட்டுக் கெடை போட்டான். அதான் கொஞ்சம் பசி கம்மி."

பசி கம்மி! மந்தையை அடைத்துக் கிடை போட்டால் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி, உரத்தைப் பிடிக்கும் சக்தியைக் குறைக்கும். இதை விளக்க நான் வகுப்பில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வேன். அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். நான் கை தட்டினேன். கூட்டமே தட்டியது. ஒருவன் விசிலடித்தான். காதர் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்.

சடையனின் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் வைத்தேன். எரு கலந்தது மயில் கழுத்து நீலம். கலக்காதது வெறும் தண்ணீர்.

"அழகா இருக்கறது பொய்யி" என்றார் ஏழுமலை. "மூட்ட மூட்டயா கொட்டனா மண்ணுக்குத்தான் சோறு. பயிரு பட்டினி. மழையும் பொய்ச்சா ஆளும் பட்டினி."

சடையன் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சுற்றிலும் நின்ற அத்தனை பேருக்கும் காட்டினார். முதல் நாள் எருவால் மூடி மறைத்த அதே நிலம். "எழுதிக்குங்கம்மா. சடையன் நெலம் தின்னும்னு எழுதிக்குங்க. நம்பரு போடாதீங்க. பேரு போட்டு எழுதுங்க" என்றார்.

இத்தனைக்குப் பிறகு மரத்தை நகர்த்துவார்கள் என்று நினைத்தேன். "ஆராய்ச்சி வேற, போராட்டம் வேறங்க" என்று ஏழுமலை சிரித்தார். ஆனால் பக்கத்துக் கொல்லை வரப்பை நாலு பேர் வெட்டிச் சமன் செய்தார்கள். சணல் கயிறு பெல்ட்டோடு ஜீப் சோளத்தட்டை மேல் உருண்டு வெளியே வந்தது. விமானத்தைப் பிடித்துவிட்டேன்.

ஈப்போவில் எல்லாவற்றையும் முறைப்படி மறுபடி சோதித்தேன். புளியமரம் சொன்னதையே ஜெர்மன் இயந்திரமும் சொன்னது. துறைத் தலைவர் அட்டவணையை இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, நில உரிமையாளர் கட்டத்தில் 'சடையன்' என்பதை அடித்துவிட்டு 'எண் 3' என்று எழுதினார். ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடும் வழக்கமில்லை என்றார்.

நிலத்துக்காரரே போடச் சொல்லிக் கேட்ட பெயர் அது என்றேன். தட்டச்சு செய்து 'சடையன்' என்றே மறுபடி கொடுத்தேன். மறுபடி அடித்தார். மூன்றாம் முறையும் கொடுத்தேன். பேனாவை எடுத்தார், என்னைப் பார்த்தார், மூடி வைத்துவிட்டார்.